குளத்தின் மேல் நடந்த கோடு

தெருவில் நின்று செய்கிற வேலை எதுவானாலும் மேற்பார்வை பார்க்க ஊரே சம்பளமில்லாமல் வந்துவிடும், ஜி.பி.எஸ். பிடித்து நிற்கிற வேலைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஆழ்வார்பேட்டையில் வரைபடம் தயாரிக்கிற ஒரு சின்ன ஆபீசில் இருந்தேன். என் வேலைக்குக் கையடக்கமாக ஒரு ஜி.பி.எஸ். கருவி. செயற்கைக்கோள்களைப் பிடித்து, நாம் நடக்கிற பாதையைக் கோடாகச் சேமித்துக்கொள்ளும். மீட்டர் பார்க்கப் போய் நாயிடம் கடி வாங்கியவர்களே, கணக்கெடுக்கப் போய் வாசலோடு திரும்பியவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

முதல் நாள்

வெளியூர்க்காரர்களை நடத்தியே ஊர் காட்டுகிற பத்மா மேடம் எங்களிடம் ஒரு வரைபடம் கேட்டிருந்தார். மயிலாப்பூர் குளத்தில் தொடங்கி, தி.நகர் வழியாக மேற்கு மாம்பலம் வரை. முதல் நாள் மாட வீதிகளைச் சுற்றி வந்து கருவியைக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். கோடு தெப்பக்குளத்தின் நடுவே போயிருந்தது. ஆபீசே எழுந்து வந்து பார்த்துச் சிரித்தது.

அந்தக் காலத்தில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே சிக்னலில் பிழையைக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு தெரு தள்ளிக் காட்டுவது கருவிக்குச் சகஜம். விளக்கினேன். முதலாளி சுந்தரேசன் சார் பழைய வரைபடங்களை டிரேஸ் எடுத்தே காலம் தள்ளியவர். அவர் காதில் ஏறவில்லை.

“அமெரிக்காக்காரன் கிடக்கட்டும். பொண்ணுங்களுக்குத் தெருவேலை சரிப்படாது. நாளையிலேர்ந்து உள்ள உட்கார்ந்து டிரேஸ் எடும்மா.”

நிற்கிற வேலை

நான் உட்காரவில்லை. மறுபடி முழுக்க நடந்து காட்டுகிறேன், கோடு சரியாக வராவிட்டால் டிரேஸ் மேஜைக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்த மேஜை ஜன்னல் இல்லாத அறையில் இருந்தது. நான் அந்த அறைக்காகப் படிக்கவில்லை.

பிழையை வெல்ல ஒரு வழி உண்டு. நடந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு முனையிலும் வெகுநேரம் அசையாமல் நிற்க வேண்டும். கருவி காட்டும் இடம் அங்கும் இங்கும் அலையும். அலைந்ததை எல்லாம் சேர்த்துச் சராசரி எடுத்தால் உண்மைக்குக் கிட்டே வரும். அதனால் வடக்கு மாட வீதி முனையில், கையை நீட்டிக்கொண்டு, சிலைபோல நின்றேன். எதிரே ஆட்டோவில் சாய்ந்திருந்த டிரைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் எழுந்து வந்தார்.

“இன்னும் எம்மா நேரம்மா நின்னுகினு இருப்ப? அவன் வரமாட்டான், வூட்டுக்குப் போ.”

ஜவுளிக்கடைப் படி

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை வாசல்தான் எனக்கு வேண்டிய முனை. அந்தக் கடையின் படிகள் நடைபாதையைத் தாண்டித் தெருவுக்குள் இறங்கியிருந்தன. நான் கருவியைத் தூக்கியதும் முதலாளி அண்ணாச்சி கல்லாவை விட்டு ஓடி வந்தார். கார்ப்பரேஷனிலிருந்து ஆக்கிரமிப்பு அளக்க வந்திருக்கிறேன் என்று அவரே முடிவு செய்துவிட்டார். இல்லை என்று சொன்னால், இல்லை என்று சொல்லச் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள் என்கிறார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. அந்தப் படியின் மேலேயே ஏறி நின்றேன். வானம் அங்கேதான் நன்றாகத் தெரிந்தது.

“எம்மா, படிய மட்டும் விட்டுட்டு அளந்துக்கிடுங்க. வெயில்ல நிக்கியளே, ஒரு கலர் குடிக்கியளா?”

மாம்பலத்துச் சுவர்

மேற்கு மாம்பலச் சந்துகளில் பால்கனியும் பால்கனியும் முட்டிக்கொள்ளும். வானம் கீற்றாகத்தான் தெரியும், கருவிக்கு ஒன்றும் எட்டாது. அதைவிடப் பெரிதாக எனக்கு இன்னொரு சிக்கல். பழைய வரைபடத்தில் ஒரு சந்து நேரே போய்ப் பெரிய தெருவில் சேர்கிறது. நான் போனால் குறுக்கே ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தின் சுவர். சந்து இடது பக்கம் திரும்பி ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது.

சுவரை ஒட்டிய வீட்டு மாமி என்னை மாடிக்குக் கூப்பிட்டாள். அங்கே வானம் தாராளம். நான் நிற்க, மாமி வடாம் துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே பேசினாள்.

“இந்தச் சுவர் வந்ததுலேர்ந்து இப்படித்தான். வெளியூர்க்காரா எல்லாம் நேரா வந்து முட்டிண்டு, எங்காத்துலதான் வழி கேக்கறா.”

சாரின் நடை

இந்தத் தடவை கோடு குளத்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று. பழைய வரைபடத்தோடு தெரு தெருவாகப் பொருந்தியது, மாம்பலத்துச் சந்து ஒன்றைத் தவிர. சுவர் இருக்கிறது, கண்ணால் பார்த்தேன் என்றேன். நீ வேறு சந்தில் நுழைந்திருப்பாய் என்றார் சார். நான் குளத்தில் நடந்த கதையை, வரைபடம் பார்க்க வந்த பத்மா மேடத்திடமும் சொல்லிச் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. “நடந்தே பார்த்துடலாமே” என்றார். எனக்கு மேஜையா தெருவா என்பது அன்றோடு முடிவாக வேண்டும்.

சந்துக்குள் சார் பழைய வரைபடத்தை விரித்துப் பிடித்தபடி முன்னால் நடந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு. திரும்ப வேண்டிய இடத்தில் அவர் திரும்பவில்லை. சுவர் வந்தது. சார் வரைபடத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி வரைபடத்தைப் பார்த்தார். மாடியிலிருந்து மாமி எட்டிப் பார்த்து, வழக்கம்போல இடது பக்கம் கையைக் காட்டினாள். பத்மா மேடம் சாரின் கையிலிருந்த வரைபடத்தை வாங்கி நிதானமாக மடித்தார்.

“சார், நீங்க கொஞ்சம் பின்னாடி வாங்க. குளத்துல நடந்த பொண்ணு முன்னாடி போகட்டும்.”

கடைசிவரை நான் அந்த மேஜையில் உட்காரவில்லை: வானத்திலிருந்து வந்த பிழையை நின்று நின்றே கழித்துவிட முடிந்தது, ஆபீசில் உட்கார்ந்திருந்த பிழையைக் கழிக்கத்தான் ஒரு சுவர் தேவைப்பட்டது.