கயிறு அழுத்திய இடத்தில் அளந்த சர்க்கரை

ஜூன் மாதம், இரண்டாவது செவ்வாய்க்கிழமை. செல்லக்கனியின் மேல்கையில் சென்சார் ஒட்டினேன். வண்டிப்பெரியாருக்கு மேலே உள்ள ஒரு தேயிலை எஸ்டேட் டிஸ்பென்சரியில் அப்போது நான் லேப் டெக்னீஷியன். சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிய அந்த வில்லை, தோலுக்கடியில் ஊறும் நீரில் உள்ள சர்க்கரையைப் பதினான்கு நாள் அளந்துகொண்டே இருக்கும்.

செல்லக்கனி இன்சுலின் போட்டுக்கொண்டு கொழுந்து எடுப்பவர். கணவர் இல்லை. மலையேறி வேலை செய்யும்வரைதான் லயத்தில், எஸ்டேட்டின் வரிசை வீடுகளில், இடம். சர்க்கரை ஏறிக் காலில் புண் வந்தால் இரண்டும் போய்விடும்.

“மழையில பிஞ்சு விழுந்திருமே சார்?”

“மேல துணி வச்சு இறுக்கிக் கட்டிக்குங்க. ஒட்டுறதுக்கு இங்க வேற பிளாஸ்டர் கிடையாது.”

“எம் பிள்ளயளக்கூட இம்புட்டுப் பத்திரமா வச்சதில்ல” என்று சிரித்தார். மழைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் தாளைக் கட்டும் கயிற்றையே துணிமேல் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்.

பதினைந்தாம் நாள் வரைபடம் எடுத்தேன். பகலில் அடிக்கடி அறுபதுக்குக் கீழே இறங்கியிருந்தது.

“நடுக்கம், வேர்வை, கிறுகிறுப்பு?”

“ஒண்ணுமில்ல சார். நல்லாத்தான் இருக்கேன்.”

“ஒடம்புக்குப் பழகியிருக்கும். மிஷின் பொய் சொல்லாது.”

‘பகலில் தாழ்சர்க்கரை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதை நம்பி டாக்டர் காலை இன்சுலினைக் குறைத்தார்.

அக்டோபரில் செல்லக்கனிக்கு வலது காலில் புண். டாக்டர் மறுபடி சென்சார் ஒட்டச் சொன்னார். நான்காம் நாள் வேலைக்காட்டிலிருந்து நேராகப் புண்ணுக்குக் கட்டு மாற்ற வந்தார். சென்சார்மேல் ரீடர் கருவியை வைத்தேன், ஐம்பத்தெட்டு. பதறிச் சீனித்தண்ணி கலக்கப் போனேன்.

“வெறும் தண்ணியே குடுங்க சார். எந்நேரமும் தாகமாத்தான் கெடக்கு.”

அப்போதுதான் விரலில் குத்திப் பார்த்தேன். இருநூற்று எண்பதைத் தாண்டியிருந்தது. இம்முறையும் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்தால் கையில் ஆழமான தடம். அவிழ்த்து அரைமணியில் சென்சார் எண்ணும் ஏறத் தொடங்கியது. தோலை அழுத்தினால் அங்கே ரத்த ஓட்டம் குறையும். ரத்தம் வராத இடத்துக்குச் சர்க்கரையும் வராது. சென்சார் அந்த இடத்தில் இருந்ததை மட்டுமே அளந்திருக்கிறது.

பழைய வரைபடத்தை எடுத்தேன். இறக்கமெல்லாம் காலை எட்டிலிருந்து மூன்றரைக்குள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஒன்றுகூட இல்லை. கிழமைகளை நானேதான் ஓரத்தில் எழுதியிருந்தேன். எழுதினேன், படிக்கவில்லை.

டாக்டரிடம் அன்றே சொன்னேன். இன்சுலினைக் கூட்டினார். ஆனாலும் டிசம்பரில் கோட்டயம் ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். லயத்தைக் காலிசெய்து கம்பத்துக்குத் தங்கை வீட்டுக்குப் புறப்பட்ட அன்று, தவறு என்னுடையது என்று செல்லக்கனியிடம் சொன்னேன்.

“நீங்க சொன்னபடிதான சார் கட்டுனேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: எண் இறங்கினால் முதலில் சென்சார் இருக்கும் கையைப் பாருங்கள். கட்டு, தடம், குளிர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். விரலில் குத்திச் சரிபாருங்கள். எதிரே நிற்பவர் சொல்வதும் எண் சொல்வதும் ஒத்துப்போகாதவரை ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். நான் போட்டேன்.