டேவிட் அண்ணனும் அப்பாவின் ஸ்கூட்டர் ஹேண்டிலும்

டேவிட் அண்ணன் போய்விட்டார். காலையில் அவர் மனைவி பிலோ அக்கா போன் செய்து, "வசந்தா... உங்கண்ணன் பூட்டார்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மண்ணூர்பேட்டையில் எங்கள் எதிர்வீடு. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். இங்கே அவரைத் தெரிந்தவர்கள் குறைவாகத்தான் இருப்பீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன்.

எழுபதுகளில் நடந்தது. எனக்குப் பதினைந்து வயது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். வகுப்பில் எழுந்து பதில் சொல்லச் சொன்னால் எனக்குக் குரலே வராது. தம்பி பிறந்ததும், "ஊட்ல இருந்து கொயந்தைய பாத்துக்கோ" என்று அம்மா சொன்னபோது நிம்மதியாகத்தான் இருந்தது.

அப்பாவின் ஸ்கூட்டர் புக் செய்து பல வருடம் காத்திருந்து வந்தது. தினமும் காலையில் அதைத் துடைப்பது என் வேலை. ஸ்டாண்டு போட்டதும் ஹேண்டில் தானாக ஒரு பக்கம் சாய்ந்துகொள்ளும். இடுப்பால் முட்டுக்கொடுத்துக்கொண்டு ஹெட்லைட்டைத் துடைப்பேன்.

அந்த ஹேண்டிலில் ஆட்டம் வந்துவிட்டது. பிரேக் பிடித்தால் முன்னால் டக்... டக்...

"மெக்கானிக்கு இன்னாத்துக்கு? நான் கீறேன்ல அண்ணாத்தே" என்றார் டேவிட் அண்ணன். ஒரு சனிக்கிழமை மத்தியானம், எங்கள் வாசலிலேயே பிரித்தார்.

முன் சக்கரம் தூக்கி நிற்க வேண்டுமானால் பின் சீட்டில் யாராவது உட்கார வேண்டும். பெண்டாட்டியையே உட்காரவைத்தார். பிலோ அக்கா முறத்தோடு ஏறி உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினார்.

கழற்றிய நட்டு, வாஷர் எல்லாம் அக்காவின் இட்லித் தட்டில், குழிக்கு ஒன்றாக, கழற்றிய வரிசையில். "நாளைக்கு இட்லில கிரீஸ் நாறுச்சுன்னா நீயே துன்னு" என்றார் அக்கா.

ஹேண்டிலைத் தூக்கினால் அடியில் பல் பல்லாக வெட்டிய பெரிய நட்டு. அதற்கான ஸ்பேனர் அவரிடம் இல்லை. ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி முறுக்கினார். எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, முன் சக்கரத்தைப் பிடித்து உலுக்கினார். சத்தமே இல்லை.

"கல்லு மாதிரி கீது அண்ணாத்தே!"

தெருவே வந்து உலுக்கிப் பார்த்தது. அப்பா எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் ஞாயிறு. அப்பாவும் அம்மாவும் தம்பியைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லியில் அத்தை வீட்டுக்குப் போவதாக இருந்தது. வழியெல்லாம் லாரி.

நான் வண்டியைத் துடைத்தேன். ஹேண்டில் சாயவில்லை. கையால் திருப்பிவிட்டேன். திருப்பிய இடத்திலேயே நின்றது.

ஸ்கூட்டரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் திரும்பாத வண்டியில் அம்மா தம்பியோடு உட்காரப் போகிறார் என்பது தெரிந்தது.

அப்பா ஸ்டார்ட் செய்துவிட்டார். அம்மா ஏறியாயிற்று. நான் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாடி இது? வுடு!" என்றார் அப்பா.

நான் கையை விடவில்லை.

எதிர்வீட்டில் டேவிட் அண்ணன் சர்ச்சில் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட். "இன்னாமா?" என்று வந்தார்.

"அண்ணே... தானா சாயல."

மூன்றாம் வீட்டு மாமா சத்தமாகச் சிரித்தார். "பாருடா, ஊமச்சி வாயத் தொறந்துட்டா! ஃபிட்டருக்கே வேலை கத்துக்குடுக்குறா!"

எனக்கு உள்ளே ஓடிவிடலாம் போலிருந்தது.

டேவிட் அண்ணன் சிரிக்கவில்லை. "அண்ணி, கீழ எறங்குங்க" என்று அம்மாவை இறக்கினார். வண்டிக்கு ஸ்டாண்டு போட்டார். ஒரு விரலால் ஹேண்டிலைத் தள்ளினார். பாதியில் நின்றது. மறுபடி தள்ளினார்.

பிறகு தெரு முழுக்கக் கேட்கச் சொன்னார். "அண்ணாத்தே, வண்டிய எடுக்காதே. ஆட்டமே இருக்கக் கூடாதுன்னு ஓவரா முறுக்கிட்டேன். ரோட்ல இது திரும்பாது. வசந்தா சொன்னது கரெக்டு. என் தப்பு."

முதல் நாள் "கல்லு மாதிரி" என்று சொன்ன அதே சத்தத்தில்.

பெரியவர்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா சொன்னதில்லை. எந்த டீச்சரும் சொன்னதில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளைச் சட்டையைக் கழற்றி எங்கள் கதவில் மாட்டினார். பிலோ அக்கா பட்டுப்புடவையும் தலையில் முக்காடுமாக மறுபடி பின் சீட்டில் ஏறினார். "ஏன் பூசைக்கு வர்லன்னு சாமியார் கேட்டா, ஸ்கூட்டர் மேல குந்திகினு இருந்தேன்னு சொல்றேன்!"

அண்ணன் மறுபடி பிரித்தார். தட்டித் தட்டித் தளர்த்தினார். "இப்போ பாரும்மா" என்றார்.

என்னைத்தான் சொல்கிறார் என்று புரியவே கொஞ்ச நேரமாயிற்று. முன் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

"இன்னும்... கொஞ்சம்."

இன்னொரு தட்டு. சக்கரத்தை உலுக்கினார், ஆட்டம் இல்லை. ஹேண்டிலை மாட்டினார். நேராக்கி, நான் கையை எடுத்தேன். மெதுவாக ஒரு பக்கம் போயிற்று.

"சாஞ்சிச்சா?"

"சாஞ்சிச்சுண்ணே."

மூன்று பேரும் பூந்தமல்லி போய்விட்டுச் சாயங்காலம் பத்திரமாகத் திரும்பினார்கள். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் தெருவில் யார் வண்டிக்கு ஹேண்டில் டைட் வைத்தாலும் அண்ணன் குரல் வரும். "வசந்தா! சாயுதான்னு வந்து சொல்லு!" கல்யாணமாகிக் கோவில்பதாகைக்குக் குடிவரும்வரை போய், நாலு பேர் முன்னால் நின்று சொன்னேன். மூன்றாம் வீட்டு மாமா என்னை ஊமச்சி என்று கூப்பிடுவதை எப்போது விட்டார் என்று ஞாபகமில்லை.

இன்று மத்தியானம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அண்ணனுக்கு வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தார்கள்.

பந்தலுக்குப் பக்கத்தில், சுவரோரம் பின்னாளில் அவர் வாங்கி ஓட்டிய பழைய ஸ்கூட்டர் ஸ்டாண்டில் நின்றது. சீட்டின் மேல் யாரோ மாலைகளை வைத்திருந்தார்கள். கிளம்பும்போது ஹேண்டிலை நேராக்கிவிட்டுக் கையை எடுத்தேன்.

வாசலில் உட்கார்ந்திருந்த பிலோ அக்கா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"சாஞ்சிச்சா?"

"சாஞ்சிச்சுக்கா."

போயிட்டு வாங்கண்ணே...