பசிக்காதவனுக்கு விழுந்த மாலைகள்

கோவர்த்தனன் பேச ஆரம்பித்தால் பாகு முறுகிவிடும் என்று நகரிப் பக்கத்தில் சொல்வார்கள். கரும்பாலையில் வெல்லம் காய்ச்சுகிறவன். கை கொப்பரையைக் கிளறும், வாய் ஊரைக் கிளறும். அப்படிப்பட்ட ஆள், எல்லைத் தகராறு சூடாக இருந்த ஒரு தை மாதத்தில் வாயை மூடிக்கொண்டான். ஆலைக்குப் போகவில்லை, குளிக்கவில்லை. கோழி கூவுமுன் விழித்து, புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தான். சோற்றில் கையை வைப்பதோடு சரி, வாய்க்குப் போகாது.

நகரி மதராஸுக்கா ஆந்திராவுக்கா என்று ஊரெல்லாம் அதே பேச்சு. ஆந்திர ராஜ்யமே ஒருவர் பட்டினி கிடந்ததில் வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த நேரத்தில் ஒருவன் சாப்பிடாமல் மரத்தடியில் உட்கார்ந்தால் வேறென்ன அர்த்தம்? தமிழர் கமிட்டி ஆதிநாராயணன் மாலையோடு வந்தார். மறுநாள் ஆந்திரக் கமிட்டி வெங்கடரமணன் அதைவிடப் பெரிய மாலையோடு வந்தார்.

"எங்க ஆளுக்கு நீ ஏன்யா மாலை போடறே?" என்றார் ஆதிநாராயணன்.

"உங்க ஆளா? ஏமய்யா, அவன் மாமியார் ஊரு ரேணிகுண்டா!" என்றார் வெங்கடரமணன். "நீயே சொல்லு கோவர்த்தனா, எந்தப் பக்கம்?"

"பசிக்கில," என்றான் கோவர்த்தனன்.

"பாத்தியா வைராக்கியம்!" இரண்டு கூட்டமும் கைதட்டியது.

அவன் மனைவி தாட்சாயணி கூழ்ச்சட்டியோடு வந்தாள். ஆதிநாராயணன் மறித்தார். "கிட்ட வராதம்மா, விரதம் கெட்டுப்பூடும்."

"விரதமா? ஏகாதசிக்கே மூணு வேள துன்ற மனுசன் அவரு!"

அன்று சாயங்காலம் கோவர்த்தனன் மெல்லச் சொன்னான்: "தாட்சாயணி, நான் போயிட்டா உனக்கு பாரம் கொறையும்."

விடிந்ததும் அவனைச் சித்தூர் பஸ்ஸில் ஏற்றினாள். இரண்டு கமிட்டியும் கொடிகளோடு அதே பஸ்ஸில் ஏறிக்கொண்டது.

மிஷன் ஆஸ்பத்திரி வாசலில் கோஷம் காதைப் பிளந்தது. டாக்டர் அசரியா ஜன்னலைச் சாத்தினார். தூக்கம், பசி, வேலை என்று வரிசையாக விசாரித்தார். பிறகு, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்கிற அதே குரலில், "சாகலாம்னு தோணுதா?" என்றார்.

இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. "தோணுது சார்," என்று கோவர்த்தனன் அழுதான்.

"இது வியாதிப்பா. வைராக்கியமும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல," என்றார் டாக்டர். தாட்சாயணி பக்கம் திரும்பினார். "ரெண்டு வாரம் இப்படியே இருந்தா கூட்டி வந்துடணும். சாகற பேச்சு வந்தா ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. நீ தள்ளல, நல்லது. மாத்திரை தர்றேன், வாராவாரம் வாங்க. தனியா மட்டும் விடாதே."

"நான் கழனிக்குப் போனா ஆரு சார் பாத்துக்குவாங்க?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல் வாசலுக்கு நடந்தாள்.

"கொடிய மடிங்க! அவரு விரதம் இல்ல, நோவாளி. சுத்தி உக்காரணும்னு தானே ஆச? உக்காருங்க. காலைல நீங்கண்ணா, மதியத்துக்கு மேல அந்தண்ணா. கோஷம் கூடாது."

தலைவர்கள் இருவரும் முதல்முறையாக ஒரே மாதிரி விழித்தார்கள். ஆனால் ஊர் திரும்பியதும் அவன் வீட்டுத் திண்ணையில் முறை வைத்து உட்கார்ந்தார்கள். கோஷம் இல்லை, வாயைத்தான் கட்ட முடியவில்லை. முறை மாறும் வேளையில் அவன் தலைக்கு மேலேயே சண்டை நடக்கும்.

பங்குனியில் ஒரு நாள், ரேணிகுண்டா ஜங்ஷன் யாருக்கு என்று இருவரும் கத்திக்கொண்டிருந்தார்கள். கையில் களியுருண்டையோடு கோவர்த்தனன் தலையை நிமிர்த்தினான்.

"யோவ்! ஜங்ஷன் எங்கியும் ஓடிப்பூடாது. துன்றவன துன்ன உடுங்கய்யா!"

இருவரும் ஆளுக்கொரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்கள்.

உள்ளேயிருந்து தாட்சாயணியின் குரல் வந்தது: "இன்னும் ரெண்டு வார்த்த திட்டு மாமா!"