மெத்தை மாஸ்டர் வாங்கிய ஹாரன் ஸ்பீக்கர்

மெத்தை மாஸ்டருக்கு எதைப் பார்த்தாலும் உறை தைத்துவிட வேண்டும். சோபா தைப்பது அவர் தொழில், பட்டறையில் தைக்கட்டும், யார் வேண்டாமென்றது? வீட்டிலும் டிவி ரிமோட்டுக்கு ரெக்ஸின் சட்டை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு வெல்வெட், பைக் சீட்டின் மேல் இன்னொரு சீட். மூடாத பொருளைக் கண்டால் அவர் கை துறுதுறுக்கும். ஒரு நாள் மிக்ஸிக்கு இன்ச் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தவரை மனைவி கையும் களவுமாகப் பிடித்துச் சமையலறையை விட்டு விரட்டினாள்.

அவளுக்கு வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றில் புகார் கேட்கிற வேலை. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "பின்னாடி ஒரு பைப் இருக்கும் பாருங்க... பின்னாடி... இல்லைங்க, மெஷினுக்குப் பின்னாடி" என்று சொன்னதையே சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டு வீடு திரும்புவாள். திரும்பினால் சினிமா. மாஸ்டருக்கும் அதே பைத்தியம்தான். கல்யாணமான புதிதில் தன் கையால் தைத்த இருவர் சோபாவில் அவளை உட்கார வைத்து, அவளோடு சேர்ந்து அவர் பார்க்காத படமில்லை. நல்ல படம், மோசமான படம் என்ற பேதமெல்லாம் அவர்களிடம் கிடையாது. மோசமான படமென்றால் இன்னும் அதிகமாகச் சிரிப்பார்கள்.

அந்தச் சோபாவில்தான் இப்போது ஒரு வருஷமாக ஒரு பக்கம் மட்டும் அமுங்கிக் கிடந்தது. அவள் சாப்பிட்டதும் படுக்கையறைக்குப் போய், இயர்ஃபோனைச் செருகிக்கொண்டு, ஃபோனிலேயே படம் பார்த்தாள். உள்ளே அவள் சிரிப்பாள். வெளியே இவர் தனியாக உட்கார்ந்து, எந்தப் படமோ என்று யோசிப்பார். மெத்தையின் அமுங்காத பாதியைப் பார்க்கும்போதெல்லாம் தொழில்காரருக்கும் வலித்தது, புருஷனுக்கும் வலித்தது.

வாய்விட்டுக் கேட்டும் பார்த்தார்.

"ஏம்மா, ஹால்ல வந்து உக்காரக் கூடாதா?"

"வந்து? ஒருத்தன் வாயைத் திறந்தா போதும், 'என்ன சொன்னான்?'னு கேப்பீங்க. நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அடுத்தவன் பேசிடுவான். உடனே, 'இவன் என்ன சொன்னான்?' ஆபீஸ்லயும் அதே வேலை, வீட்லயும் அதே வேலையா?"

மாஸ்டர் இதை இரவெல்லாம் யோசித்தார். குற்றவாளி யாரென்று விடிவதற்குள் கண்டுபிடித்துவிட்டார். டிவிதான்! அட்டை மாதிரி மெலிந்த டிவிக்குள் ஸ்பீக்கர் என்று எதை வைத்திருக்கப் போகிறான்? ஃபோமே வைக்காமல் தைத்த சீட் மாதிரிதானே அது. நல்ல ஸ்பீக்கர் வாங்கி, வசனம் தெளிவாகக் கேட்டுவிட்டால், யார் யாரை என்ன கேட்கப் போகிறார்கள்? அவள் தானாக வந்து பக்கத்தில் உட்காருவாள். ஆசைக்கு அளவில்லை என்பார்கள், மாஸ்டரின் ஆசைக்கு அளவு இருந்தது. ஒரு ஆள் உட்காரும் அகலம்.

பழைய சவுண்ட் சாமான் விற்கும் கடைக்குப் போனார். கடைக்காரர் இளவயது, ஸ்பீக்கரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மூச்சு விட மறந்துவிடுகிற ஆள்.

"உங்ககிட்ட இருக்கிற ஆம்ப்ளிஃபையர் எத்தனை வாட் மாஸ்டர்?"

"சின்னதுதான் தம்பி. சோபா தைச்சதுக்குக் கூலியா ஒரு கஸ்டமர் தலையில கட்டிட்டுப் போனது."

"அப்படின்னா இந்தக் குட்டிப் பெட்டிங்க பக்கமே போகாதீங்க. பாக்க எலிக்குட்டி, தீனி யானைத் தீனி. உங்க ஆம்ப்ளிஃபையரால கட்டுப்படி ஆகாது. உங்களுக்கு வாய் அகலமான ஹாரன் ஸ்பீக்கர்தான். கொஞ்சமா சாப்பிட்டு நிறைய வேலை செய்யும். ஒரே ஒரு வாட் குடுங்க, ஊரையே கூட்டும்."

"ஊரெல்லாம் வேணாம் தம்பி. ஒரு ஆளைக் கூட்டினா போதும்."

புது ஹாரன்களின் விலையைக் கேட்டதும் மாஸ்டர் பார்வை தானாகவே கடையின் மூலைக்குப் போனது. அங்கே, மூடிப்போன சின்ன தியேட்டர் ஒன்றிலிருந்து வந்த ஜோடி, வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. மரப்பெட்டி, மேலே ஒரு பூசணிக்காய் உள்ளே போகுமளவு அகலமான வாய், பெயின்ட் உரிந்து பார்க்கவே கண்றாவியாக இருந்தது. அதனால்தான் மலிவு. ஆனால் கடைக்காரர் ஒரு படத்தைப் போட்டுச் சத்தத்தை ஏற்றியபோது, கதாநாயகி பேசியது மாஸ்டர் நெஞ்சில் வந்து மோதியது. ஒரு தடவைகூட 'என்ன சொன்னாள்' என்று கேட்கத் தோன்றவில்லை. கையிலிருந்ததைக் கொடுத்து, மீதிக்குக் கடையில் இருந்த இரண்டு கிழிந்த நாற்காலிகளைத் தைத்துத் தருவதாகப் பேசி முடித்தார்.

வண்டியில் ஏற்றும்போது கடைக்காரர் குனிந்து கயிறு கட்டிக்கொண்டே ஏதோ சொன்னார். மாஸ்டர், "சரி தம்பி, சரி" என்று தலையாட்டி வைத்தார். யார் என்ன சொன்னாலும் இப்போதெல்லாம் அவர் அப்படித்தான் தலையாட்டி வைப்பார். பெரும்பாலும் அதுவே போதுமானதாக இருந்தது.

வீட்டில் இறக்கியதும் அவர் கண்ணில் பட்டது அந்த உரிந்த வாய்தான். இப்படி ஒரு மூஞ்சியை அவள் கண்ணில் காட்ட முடியுமா? ஒரு கல்யாண மண்டபத்து நாற்காலிகளுக்கு வாங்கியதில் மிஞ்சிய சிவப்பு வெல்வெட் இருந்தது. அதற்கடியில் கையகல கனத்துக்கு நல்ல ஃபோம் வைத்தார். வெறும் உறை தைத்தால் அவர் மெத்தை மாஸ்டரா? ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் பட்டன் வைத்து இழுத்து, மடிப்பு மடிப்பாகப் பூ விரிந்த மாதிரி தைத்து, ஓரத்தில் தங்கநிறப் பைப்பிங் கொடுத்து இறுக்கி மாட்டினார். பெற்ற பிள்ளைக்குத் தலைவாரி விட்டவர் மாதிரி தள்ளி நின்று பார்த்தார்.

மனைவி வந்தாள். பார்த்தாள். சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது என்னங்க, ரெண்டு மகாராஜா தலகாணி?"

"ஸ்பீக்கர்ம்மா. இனிமே வசனம் ஒண்ணு விடாம கேக்கும். ஒரே ஒரு படம், என் பக்கத்துல உக்காந்து பாரு. பிடிக்கலைன்னா எழுந்து போயிடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சொல்லிக்கொண்டே சோபாவின் அமுங்காத பாதியைத் தட்டிக் காட்டினார். அவள் ஹேண்ட்பேக்கைக்கூட வைக்காமல் வந்து உட்கார்ந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு சோபாவின் அடுத்த பாதி அமுங்கியது. மாஸ்டருக்குச் சொர்க்கம் இரண்டு விரற்கடை தூரத்தில் இருந்தது.

படம் ஓடியது. அவள் தலையைச் சாய்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"ஏங்க, எல்லாரும் போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கே?"

"சேச்சே. நல்லா கணீர்னுதானே இருக்கு!"

அவள் எழுந்து போனாள். ஆனால் அவள் அறைக்குப் போகவில்லை. நேராக ஸ்பீக்கர்களிடம் போய், இரண்டு உறைகளையும் பட்டனைப் பிடித்து வெடுக்கென்று உருவினாள். அடைபட்டிருந்த பேச்சு பளீரென்று அறைக்குள் பாய்ந்தது, அவளே ஓரடி பின்வாங்கினாள்.

"இப்போ கேளுங்க! எப்படி இருக்கு பாத்தீங்களா!"

"என்ன பாக்கணும்? முன்னாடி இருந்த மாதிரியேதான் இருக்கு. பட்டனைப் பிடிச்சு இழுக்காதே, நூல் வந்துடும்."

தைத்த துணியை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் அடம்பிடிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பது ஊரறிந்த விஷயம். "சரி, கண்ணை மூடுங்க. உறை இருக்கா இல்லையான்னு சொல்லுங்க" என்றாள். மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். அவர் பரீட்சைக்கு வந்த பையனைப் போல யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். "இருக்கு... இல்லை, இல்லை... இருக்குதானே?" சும்மா குத்துமதிப்பாகச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அடம்பிடிக்கிறவரின் முகம் அவளுக்குத் தெரியும். இது அந்த முகம் இல்லை.

படத்தை நிறுத்தினாள். பூனை நடை நடந்து சோபாவுக்குப் பின்னால் போய் நின்று, சாதாரணமாகப் பேசுகிற குரலிலேயே, "மிக்ஸிக்கு உறை தைச்சுக்கோங்க" என்றாள்.

இந்த அனுமதிக்கு மாஸ்டர் துள்ளி எழுந்திருக்க வேண்டும். அவரோ கண்ணை மூடியபடி, அடுத்த கேள்விக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

பட்டறையில் வருஷக்கணக்காகக் காதோரம் வெடிக்கிற ஸ்டேப்லர் துப்பாக்கி அவளுக்கு நினைவு வந்தது. கம்ப்ரெஸர், மரம் அறுக்கிற மிஷின். அதற்குப் பிறகு மற்றதெல்லாம் வரிசையாக நினைவு வந்தது. சாப்பாட்டு மேஜையில் அவள் சொன்ன ஆபீஸ் கதைகளுக்கு அவர் போட்ட வெறும் 'ம்'கள். அக்காவுக்கு ஆபரேஷன் என்று இருட்டில் அவள் திரும்பிப் படுத்து அழுதுகொண்டே சொன்ன இரவு, ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லாமல் அவர் தூங்கிப்போனது. அந்த இரவுக்குப் பிறகுதான் அவள் இயர்ஃபோன் வாங்கினாள். அது அவருக்குத் தெரியாது. அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை.

சோபா முதுகைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது, கூடவே வெட்கமில்லாமல் ஒரு சந்தோஷமும் வந்தது.

"நான் அலுத்துப் போயிட்டேன் உங்களுக்குன்னு நினைச்சேன்" என்றாள், அவர் பின்னந்தலையைப் பார்த்து.

மாஸ்டர் கண்ணைத் திறந்து திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்ததும் பதறிப்போனார். "என்னம்மா? என்ன சொன்னே?"

அவள் சுற்றி வந்து, அவர் முன்னால் தரையில் மண்டியிட்டு, அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதையே மறுபடி சொன்னாள்.