வெர்லின் காத்த கேட்

வரிப்பணத்தில் பாலைநிலத்தை வாங்கிக் காப்பதா என்று எங்கள் அரிசோனா மாவட்டம் வாக்கெடுப்பு வைத்தபோது, "வேண்டாம்" என்று சாலையெல்லாம் பலகை நட்டவர் பக்கத்துப் பண்ணைக்காரர் வெர்லின். பிறகு மழை பொய்த்தது. அதே மாவட்டத்துக்கே பண்ணையை விற்றார். குத்தகைக்கு மாடு மேய்த்துக்கொண்டு அங்கேயே இருக்கலாம் என்பது ஒப்பந்தம். ஆனால் வேலி போட்ட ஓடைக்கரைக்குள் மாடு நுழைந்தால் குத்தகை போச்சு. டவுனில் ஏசி அறையில் உட்கார வைத்தால் மனுஷன் ஒரு மாதம் தாங்கமாட்டார்.

நிலம் கைமாறியதே தவிர வாய் மாறவில்லை. நடக்க வரும் டவுன்காரர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. மாட்டுக்காரர்களான எங்களுக்கு ஒரே வேதம்தான்: கேட் மூடியிருந்தால் மூடிவிட்டுப் போ, திறந்திருந்தால் திறந்தே விடு. அதை எல்லோரிடமும் கத்திக் கத்தி ஓதுவார்.

போன வசந்தத்தில் மாவட்ட அதிகாரி மரிசோல் ஓடையைப் பார்க்க வந்தாள். வெர்லினும் நானும் கூடப் போனோம். கேட் திறந்து கிடந்தது; வேலிக்குள்ளே வெர்லினின் மாடுகள் விருந்துக்கு வந்த சம்பந்திகளைப் போல மென்றுகொண்டு நின்றன.

"டவுன் பயலுக வேலைதான் அம்மணி! கேட்டைத் தொறந்து போட்டுட்டுப் போயிருக்கானுக!" என்று குதித்தார் வெர்லின்.

மரிசோல், ஜாகுவார் சிறுத்தையைப் படம் பிடிக்க மரத்தில் கட்டியிருந்த கேமராவைக் கழற்றினாள். முதல் படத்தில் வெர்லினே கேட்டைத் திறந்துகொண்டு, ஓடைக்கரையில் நடந்த ஒரு ஜோடியைத் துரத்துகிறார். அடுத்ததில் அந்த ஜோடி கேட் வழியாக வெளியேறுகிறது. அந்தப் பெண் கேட்டை மூடப் போக, வெர்லின் கையை ஓங்கிக்கொண்டு ஏதோ கத்துகிறார்.

"இங்க என்ன சொன்னீங்க, பெரியவரே?"

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நின்றார்.

"தொறந்து கெடந்தா தொறந்தே விடும்மான்னேன். தொறந்தது நான்தான்னு மறந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் அவர் தொப்பியைக் கழற்றினார். சர்ச்சுக்குள்கூட அவர் அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

"மாட்ட வேணா வித்துடறேன் அம்மணி. என்னை மட்டும் போகச் சொல்லிடாதீங்க."

மரிசோல் கேமராவைத் திரும்ப மரத்தில் கட்டினாள்.

"இந்த ஒரு தடவை விடறேன். ஆனா சனி ஞாயிறு இந்த கேட்ல நீங்கதான் நிக்கணும். வர்றவங்களுக்குத் தொறந்து மூடணும். சிரிச்ச முகமா."

நிற்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் பல்வலி என்றுதான் நினைப்பீர்கள். போன வாரம் நடக்க வந்த ஒருத்தி, "இது யார் இடம்?" என்று கேட்டாள். வெர்லின் எச்சிலை விழுங்கினார்.

"உங்க இடம்தான் தாயி. ஆனா கேட்ல மட்டும் கைய வெக்காதீங்க."