பழைய வெர்ஷனுக்குப் புது நம்பர்

அம்சவல்லிக்கு முப்பத்தாறு வயது. மரக்காணத்தில் உப்பளக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவள். எம்.சி.ஏ. முடித்து, தினமும் பஸ் ஏறிப் பெரிய முதலியார்சாவடியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். மொத்தம் ஐந்து பேர். முதலாளி ஆதிமூலம் தன் விசிட்டிங் கார்டில் 'தொலைநோக்காளர்' என்று அச்சடித்திருக்கிறார். மற்ற வேலைகளை மீதி நாலு பேர் பார்க்கிறார்கள்.

அவர்கள் செய்த ஒரே உருப்படியான பொருள், உப்பளக்காரர்களுக்கான மழை எச்சரிக்கை ஆப். மழைக்கு அரை மணி நேரம் முன்னால் போன் அலறும். ஆட்கள் ஓடிப்போய் உப்பை வாரிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். பார்க்க அழகாக இருக்காது, வேலை செய்யும். ஆதிமூலத்துக்கு அதுதான் குறை.

சென்னையில் ஒரு கருத்தரங்குக்குப் போய் வந்தவர், ஒரே மாதத்தில் நாலாவது வெர்ஷனை இறக்கினார். திறந்தால் சூரியன் உதிக்கும், மேகம் நகரும், ஒரு பெண் குரல் வணக்கம் சொல்லும். அதெல்லாம் முடிந்து நேரம் மிச்சமிருந்தால் மழையைப் பற்றியும் சொல்லும்.

மே மாதம் ஒரு மதியம் கோடை மழை கொட்டியது. அக்கா புருஷன் கலியமூர்த்தி உப்பளத்திலிருந்து போன் செய்தார்.

"மழை வரும்னு உங்க ஆப் சொல்லிடுச்சும்மா. நனைஞ்சுக்கிட்டேதான் படிச்சேன்."

"உப்பு என்னாச்சு மாமா?"

"எது, அந்தத் தண்ணியா?"

அம்சவல்லி எழுந்தாள். நேராக ஆதிமூலத்திடம் போய், பழைய வெர்ஷனையே திரும்ப விடலாம் என்றாள்.

"அது ஏது இப்போ? குழப்பம் வேணாம்னு நான்தான் ஃபோல்டரோட அழிச்சேன்" என்றார், பெருமையாக.

"கிட்ல இருக்குது சார்."

கிட் என்பது மென்பொருளில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு சேர்த்து வைக்கும் ஏற்பாடு. ஒவ்வொரு வெர்ஷன் வெளியாகும்போதும் அந்த இடத்தில் அம்சவல்லி ஒரு டேக், அதாவது நம்பர் எழுதிய அடையாளச் சீட்டு, போட்டு வைப்பாள். அதற்காகவே போன வருடம் ஆதிமூலம் அவளுக்கு நேரத்தை வீணாக்காமல் இருப்பது எப்படி என்று ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்திருந்தார்.

நாலாவதுக்கு முந்தைய 3.2 என்ற டேக்கை எடுத்தாள். பழைய நிரல் அப்படியே வந்து நின்றது. அப்போது பயன்படுத்திய துணை நிரல்களின் பட்டியலும் கூடவே இருந்ததால், அதைப் போனில் ஓடும் ஆப்பாக ஆக்க முக்கால் மணி நேரம்தான் ஆனது. ஆனால் போன்கள் அதை ஏற்கவில்லை. நம்பர் பெரிதாக இருந்தால்தான் அப்டேட் ஆகும். முதலாளிக்கும் போனுக்கும் ஒரே ரசனை. அதே நிரலுக்கு 4.1 என்று நம்பர் போட்டு, அப்டேட்டோடு போகும் குறிப்பில் உண்மையை எழுதினாள்: "இது 3.2தான். நம்பர் மட்டும் புதுசு."

ஆதிமூலம் குறிப்புகள் படிப்பவர் இல்லை. 4.1 என்ற நம்பரை மட்டும் பார்த்துவிட்டு, 'அடுத்த தலைமுறைத் தொழில்நுட்பம்' என்று வாட்ஸ்அப்பில் அறிவித்தார். உப்பளக்காரர்கள் சங்கம் அவருக்குச் சால்வை போர்த்தியது. அம்சவல்லியும் கைதட்டினாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டு சும்மா இருந்தால் நன்றாக இருக்காது.

ஜூனில் அடுத்த மழைக்கு முன்னால் போன் அலறியது. கலியமூர்த்தி குவியலை மூடிவிட்டுக் கூப்பிட்டார்.

"இந்தப் புது வெர்ஷன் பிரமாதம்மா. பழசுதான் சரியில்ல."

விளக்கிச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள். உப்பு நனையவில்லை.

"ஆமாம் மாமா" என்று சொல்லிப் போனை வைத்தாள்.