தொங்கிய தோலும் பரோட்டாக் கல்லும்

விக்கிரவாண்டி டோல்கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, ரோட்டோரம் ஒரு ஓட்டல். அங்கே நான் பரோட்டா மாஸ்டர். கல் வாசலில்தான் இருக்கும். லாரிக்காரர்கள் தூரத்திலேயே மாவு வீசுவதைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டுவார்கள். அந்த இடம்தான் எனக்குப் பெருமை. நிலம் கிடையாது. படிப்பும் கிடையாது.

நான் கனத்த ஆள். ஒரு நாள் கல் முன்னாலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்தால் சர்க்கரை. மாத்திரை கொடுத்தார்கள். எடையைக் குறைக்கச் சொன்னார்கள். எப்படிக் குறைப்பது என்று சொன்னதை நான் முழுசாகக் காதில் வாங்கவில்லை.

சோற்றை விட்டேன். காலையில் டீ. சாயங்காலம் ஒரு டம்ளர் கேப்பைக் கூழ். நடுவில் பசித்தால் பீடி. எடை மளமளவென்று இறங்கியது. எனக்குச் சந்தோஷம். ஆனால் உள்ளே இருந்தது போனதே தவிர, மேலே இருந்த தோல் அப்படியே நின்றது. வயிற்றில் மடிந்து தொங்கியது. கை இரண்டிலும் பை மாதிரி தொங்கியது. மாவை ஒரு பக்கம் வீசினால் தோல் மறுபக்கம் ஆடும்.

ஒரு கார்க்காரர் குடும்பத்தோடு வந்தார். என் கையைப் பார்த்தார். முதலாளியிடம் மெதுவாகத்தான் கேட்டார். எனக்குக் கேட்டது.

"அந்த மாஸ்டருக்கு ஏதாவது சீக்கா?"

சாப்பிடாமலே வண்டியை எடுத்துவிட்டார்.

முதலாளி வந்தார். "மாஸ்டர், தப்பா எடுத்துக்காத. கொஞ்ச நாளைக்கு உள்ள குருமா பாரு. கல்லுக்கு வேற ஆளு போடறேன்."

"எனக்குச் சீக்கு இல்லீங்க மொதலாளி."

"எனக்குத் தெரியும்பா. ரோட்ல போறவனுக்குத் தெரியுமா?"

மாவுக் கையைத் துடைத்தேன். உள்ளே போனேன்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரி விழுப்புரத்துக்காரி. சிரித்துவிட்டாள்.

"புள்ள பெத்த எனக்கே இப்படித் தொங்கல. இரு, எனக்குக் கட்டின மாதிரி ஒனக்கும் கட்டி வுடறேன்."

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பழைய நூல் புடவையைக் கிழித்து வயிற்றை இறுக்கிக் கட்டுவார்கள். வயிறு உள்ளே போகும் என்று நம்பிக்கை. எனக்கும் கட்டினாள். கைகளுக்கு வேட்டித் துணி.

"மூச்சு வுட முடியலடி."

"நான் மூணு பெத்து மூணு தபாவும் கட்டிக்கினு இருந்தேன். நீ இதக்கூடத் தாங்க மாட்டியா?"

தாங்கினேன். கட்டோடு போய் குருமா அடுப்பு முன்னால் நின்றேன். வேர்வை உள்ளேயே தங்கியது. மடிப்பு சிவந்தது. பிறகு வெந்து புண்ணானது. நாற்றம் வந்த பிறகுதான் அவிழ்த்தேன். பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. மறுநாள் இரண்டு பேரும் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம்.

டாக்டரம்மா புண்ணையும் துணி அழுத்திய தடத்தையும் பார்த்தார்.

"இது யார் வேலை?"

வீட்டுக்காரி என்னைக் கை காட்டினாள். நான் அவளைக் கை காட்டினேன்.

என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். சொன்னேன்.

"பட்டினி கிடந்து கொழுப்போட சதையையும் கரைச்சிருக்கீங்க. சர்க்கரை மாத்திரை போட்டுட்டு பட்டினி கிடந்தா உயிருக்கே ஆபத்து. மெதுவா இறக்கியிருந்தா தோலும் கூடவே கொஞ்சம் சுருங்கி வந்திருக்கும்."

"இன்னும் இறுக்கிக் கட்டினா உள்ள போவாதாம்மா?" வீட்டுக்காரி விடவில்லை.

"கட்டினா சுருங்காதும்மா. எண்ணெய், க்ரீம் தடவினாலும் பெருசா ஒண்ணும் ஆகாது. முட்டை, பருப்பு, கொண்டைக்கடலை சாப்பிடணும். கனம் தூக்கணும். சதை ஏறினா தோலுக்குள்ள கொஞ்சம் நிரம்பும். பீடி தோலைக் கெடுக்கும், அதை விடணும். கொஞ்சம் சுருங்கும். கொஞ்சம் அப்படியே நிக்கும். ரொம்பத் தொந்தரவுன்னா ஆபரேஷன் இருக்கு, அதைப் பிறகு பாக்கலாம்."

முழுசாகப் போய்விடும் என்று அவர் சொல்லவில்லை. அதனால் நம்பினேன்.

புண் ஆறியது. குளித்ததும் மடிப்பில் ஈரம் இல்லாமல் துடைத்தேன். மூன்று வேளையும் அளவாகச் சாப்பிட்டேன். ஓட்டலில் முட்டைக்குப் பஞ்சம் இல்லை. வீட்டில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு கை. பீடியை விடுவதுதான் பெரிய பாடு. விட்டேன். சமையல்கட்டுக்குப் பின்னால் கைக்கு ஒன்றாக எண்ணெய் டின்னை எடுத்துத் தூக்கி இறக்கினேன். முதலில் பாதி டின். பிறகு முழு டின்.

தோசை போடுகிறவர் எட்டிப் பார்த்துக் கத்துவார். "டோய், மாஸ்டரு ஆணழகன் போட்டிக்குப் போறாரு!"

"நீ மொதல்ல மாவுக்கு உப்பப் போடு" என்பேன்.

வீட்டுக்காரியும் கனத்தவள்தான். அவளும் குறைக்க ஆரம்பித்தாள். "ஒன்ன மாதிரி பையாத் தொங்கினு நிக்க நான் வரல" என்றாள். ஒரு வேளையும் பட்டினி கிடக்கவில்லை. தண்ணீர்க் குடம் தூக்குவாள், நடப்பாள். மாதத்துக்குக் கொஞ்சம்தான் இறங்கினாள். அவள் கையில் தோல் தொங்கவில்லை. டாக்டரம்மா சொன்னது எனக்கு அப்போது முழுசாகப் புரிந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. தோளிலும் கையிலும் சதை ஏறியது. தோல் முன்னைப் போல் ஆடவில்லை. வயிற்று மடிப்பு சின்னதாயிற்று. போகவில்லை. ஒரு நாள் சட்டையைக் கழற்றி, பனியனோடு முதலாளி முன்னால் போய் நின்றேன்.

"நாளைலேர்ந்து நான் கல்லுக்கு வர்றேங்க."

கையைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் தொங்குதே மாஸ்டர்."

"தொங்கும்."

"எவனாவது கேட்டா இன்னா சொல்லுவ?"

"நெசத்தச் சொல்லுவேன்."

"சட்டை போட்டுக்கறியா?"

"அந்தச் சூட்டுல யாருங்க சட்டை போடுவாங்க?"

யோசித்தார். "சரி. எவனாவது துன்னாம எழுந்து போனா நீ மறுபடி உள்ள."

மறுநாள் மத்தியானம் ஒரு லாரி டிரைவர் இறங்கினார். ஸ்டியரிங்கில் வயிறு இடிக்கும், அப்படிப்பட்ட ஆள். கல் பக்கத்தில் நின்று என் கையையே பார்த்தார். கல்லாவிலிருந்து முதலாளி எங்கள் இருவரையும் பார்த்தார்.

"இன்னா மாஸ்டரே, கை ஆடுது. சீக்கா?"

"இல்லண்ணா. குண்டா இருந்தேன். பட்டினி கெடந்து ஜல்தியா எறக்கினேன். தோலு நின்னுபோச்சு."

டிரைவர் தன் வயிற்றைப் பிடித்துப் பார்த்தார். "எனக்கும் கொறைக்கச் சொல்லிக்கினு இருக்காங்க. நானும் பட்டினிதான் கெடக்கலாம்னு…"

"கெடக்காத. மெதுவா எறக்கு."

"அப்ப இன்னிக்கு நாலு பரோட்டா போடு."

"ரெண்டு. கூட ஆம்லெட்டு."

"நான் நாலு துன்ற ஆளு மாஸ்டரே!"

"தெரியுது. அதான் ரெண்டு."

முதலாளி தலையில் கை வைத்தார். டிரைவர் எழுந்து போகவில்லை. ஸ்டூலை இழுத்துக் கல் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"எவ்ளோ நாள்ல சுருங்கும் மாஸ்டரே?"

"எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. இன்னும் சுருங்கினு இருக்கு" என்று அடுத்த உருண்டையை எடுத்தேன்.